மலையேறிய கம்பெனி

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் பங்குதாரர் பட்டியலை வெளியிட வேண்டும். யாரிடம் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு. யாரும் இதைப் பொழுதுபோக்காகப் படிப்பதில்லை. நான் படித்திருக்கிறேன், சம்பளத்துக்கு. வெல்த் மேனேஜ்மென்ட் மென்பொருள் எழுதும் வேலை. எந்தப் பங்கு யாருடையது, அந்தக் கம்பெனிக்கு மேலே யார், அவர்களுக்கு மேலே யார் என்று ஏணி கட்டிக்கொண்டே போகும் பகுதி என் கையில் இருந்தது.

அப்படிப் பார்த்த பட்டியல்களில் இந்துஸ்தான் யூனிலீவருடையது விசித்திரமானது. புரமோட்டர்கள் என்ற தலைப்பின் கீழ் யூனிலீவர் பி.எல்.சி. இருக்கும், அது எதிர்பார்த்ததுதான். கூடவே யூனிலீவர் சவுத் இந்தியா எஸ்டேட்ஸ், யூனிலீவர் அஸ்ஸாம் எஸ்டேட்ஸ் என்று இரண்டு பெயர்கள் வரும். சோப்பும் ஷாம்பூவும் விற்கிற கம்பெனியின் சொந்தக்காரர் பட்டியலில் தேயிலைத் தோட்டங்களுக்கு என்ன வேலை? 1984ல் யூனிலீவர் உலக அளவில் புரூக் பாண்டை வாங்கியது. அதோடு வந்த பெயர்கள் இவை. தோட்டக் காலம் போய்விட்டது. பெயர் மட்டும் பங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கம்பெனியின் பங்குதாரர் பட்டியல் என்பது கிட்டத்தட்ட ஒரு கல்வெட்டு மாதிரி. யார் யாரை எப்போது விழுங்கினார்கள் என்பது அதில் படிந்திருக்கும்.

அந்தக் கல்வெட்டில் பெயரே இல்லாத ஒரு கம்பெனியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பாண்ட்ஸ் இந்தியா லிமிடெட். அதன் கதை பழனி மலையில், கொடைக்கானலில், ஒரு தெர்மாமீட்டர் ஆலையில் நடக்கிறது.

*

முதலில் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பங்குக்கும் ஐசின் என்ற பன்னிரண்டு எழுத்து அடையாளம் உண்டு. மென்பொருளில் அதற்கு எதிரே நான்கு விஷயம் போதும்: யாருடையது, எத்தனை, எந்தத் தேதியில் வாங்கியது, என்ன விலைக்கு. வாங்குவதும் விற்பதும் சுலபம். தலைவலி கொடுப்பவை கம்பெனி தானே செய்கிற காரியங்கள். 2000ல் இந்துஸ்தான் லீவர் பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. ஒன்று வைத்திருந்தவரிடம் பத்தாயிற்று. மென்பொருள் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, விலையைப் பத்தால் வகுக்க வேண்டும். தேதியைத் தொடக்கூடாது.

இணைப்பு இன்னும் சுவாரசியம். அ என்ற கம்பெனி ஆ என்ற கம்பெனியோடு இணைந்தால், அ-வின் பங்குகள் மறைந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு விகிதப்படி ஆ-வின் பங்குகள் வரும். இந்திய வருமான வரிச் சட்டம் இதை விற்பனையாகக் கருதுவதில்லை. பழைய பங்கை வாங்கிய விலையே புதிய பங்கின் விலை. பழைய பங்கை வாங்கிய நாளிலிருந்தே புதிய பங்கை வைத்திருந்ததாகக் கணக்கு. கம்பெனி செத்துப்போனாலும் அதன் பங்கை நீங்கள் வாங்கிய தேதி சாகாது. ஒரு நல்ல மென்பொருள் அந்தத் தேதியை மூன்று, நான்கு இணைப்புகள் தாண்டியும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் இதற்காகத்தான்.

இன்னொரு விஷயம், ஏணி. ஒரு கம்பெனி இன்னொன்றில் 51 சதவீதம் வைத்திருக்கிறது. அந்த இரண்டாவது கம்பெனி மூன்றாவதில் 51 சதவீதம். லாபத்தில் முதலாவதுக்குச் சேருவது பெருக்கிப் பார்த்தால் 26 சதவீதம்தான். ஆனால் மூன்றாவது கம்பெனியில் யார் இயக்குநர், எந்த ஆலை ஓடும், எது மூடும் என்று தீர்மானிப்பது முழுக்க முதலாமவர். பணத்தில் கால் பங்கு, அதிகாரத்தில் முழுப் பங்கு. ஏணியின் உச்சியில் யார் என்று தேட வேண்டியிருப்பது இதனால்தான். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, அதன் எந்தக் கிளைக் கம்பெனி யாருக்குக் கடன்பட்டது என்று உடனடியாக யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க ஒவ்வொரு கம்பெனிக்கும் எல்.இ.ஐ. என்று இருபது எழுத்து அடையாளம் கொடுத்து, இன்னாருக்கு இன்னார் தாய்க் கம்பெனி என்று பதிவு செய்யத் தொடங்கினார்கள்.

*

இப்போது மலைக்குப் போகலாம்.

நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்றொரு ஊர். அங்கே ஃபெய்ச்னி என்ற பெயரில் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று இருந்தது. அது செஸ்பரோ-பாண்ட்ஸ் குழுமத்துக்குச் சொந்தம். வாசலின் செய்த செஸ்பரோவும் கோல்டு கிரீம் செய்த பாண்ட்ஸும் 1955ல் சேர்ந்து உருவான அமெரிக்கக் கம்பெனி அது. எண்பதுகளின் தொடக்கத்தில் வாட்டர்டவுன் ஆலையின் இயந்திரங்கள் கப்பலேறின. முகத்துக்குப் பூசும் கிரீம் விற்கிற பாண்ட்ஸ் இந்தியா, 1983-84 வாக்கில் கொடைக்கானலில், செயின்ட் மேரிஸ் சாலையில், சுமார் 25 ஏக்கரில் தெர்மாமீட்டர் ஆலை நடத்தத் தொடங்கியது இப்படித்தான்.

பாதரசம் அமெரிக்காவிலிருந்து வந்தது. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் ஏற்றுமதியாயின. இந்தியாவில் நடந்தது நடுவில் இருந்த வேலை மட்டும்: கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏற்றுவது, சூடாக்குவது, அளவுக் கோடு போடுவது, உடைந்ததை ஒதுக்குவது. மலையில் வேறு ஆலைகள் பெரிதாகக் கிடையாது. வேலை கிடைத்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள்.

ஆலைக்குப் பின்னால் சரிவு. சரிவில் பாம்பார் சோலை. அங்கே இறங்கும் தண்ணீர் பாறைகளில் விழுந்து கீழே பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக வருகிறது. தேனி மாவட்டத்தில் பள்ளிக்கூட டூர் போன யாரும் அதில் குளித்திருப்பார்கள். ஒரு லிட்டர் பாதரசம் பதின்மூன்றரை கிலோ எடை. கீழே சிந்தினால் உருண்டு பிளவுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

இனி ஏணியைப் பாருங்கள். 1986 டிசம்பரில் யூனிலீவர், செஸ்பரோ-பாண்ட்ஸை சுமார் 310 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு வாங்கி முடித்தது. யூனிலீவரே அப்போது ஒற்றைக் கம்பெனி அல்ல. 1929ல் ஒரு பிரிட்டிஷ் சோப்புக் கம்பெனியும் ஒரு டச்சு மார்ஜரின் கம்பெனியும் சேர ஒப்புக்கொண்ட நாளிலிருந்து லண்டனில் ஒன்று, ராட்டர்டாமில் ஒன்று என இரண்டு தலை. 2020 நவம்பரில்தான் ஒரே பி.எல்.சி. ஆயிற்று. ஆக 1987ல் கொடைக்கானல் ஆலையின் பாட்டனார் அமெரிக்காவிலிருந்து லண்டன்-ராட்டர்டாமுக்கு மாறிவிட்டார். கேட்டில் பெயர்ப்பலகை மாறவில்லை.

இந்தியாவில் யூனிலீவரின் மூத்த பிள்ளை இந்துஸ்தான் லீவர். 1956ல் மூன்று கம்பெனிகளைச் சேர்த்து உருவாக்கி, பத்து சதவீதப் பங்கை இந்தியப் பொதுமக்களுக்கு விற்றார்கள். 1973ன் அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் 40 சதவீதத்துக்குள் சுருங்க வேண்டும் என்றபோது கோகோ கோலாவும் ஐபிஎம்மும் மூட்டை கட்டின. இந்துஸ்தான் லீவர் 51 சதவீதத்தைத் தக்கவைத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் தாராளமயம் வந்ததும் யூனிலீவர் தன் இந்திய வீட்டை ஒழுங்குபடுத்தியது. டாம்கோ, புரூக் பாண்ட் லிப்டன் என ஒவ்வொன்றாக இந்துஸ்தான் லீவருக்குள் போயின. 1998ல் பாண்ட்ஸ் இந்தியாவின் முறை.

ஊர்ப்பக்கம் அருள் வந்து ஆடியவர் சோர்ந்து உட்கார்ந்ததும் 'சாமி மலையேறிடுச்சு' என்பார்கள். உடம்பு அங்கேயேதான் இருக்கும், உள்ளே இருந்தது போய்விடும். 1998ல் பாண்ட்ஸ் இந்தியா அப்படி மலையேறியது. ஆலை இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கம்பெனி இல்லை. அதன் பங்கு வைத்திருந்தவர்கள் கையில் லீவர் பங்கு வந்து சேர்ந்தது, பழைய தேதியோடு, பழைய விலையோடு. ஒரு ரூபாய்கூட வழியில் சிந்தவில்லை.

*

2001 மார்ச் 7. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் சாக்குமூட்டைகளில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்தது. பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் ஊர்மக்களும் அதை உலகுக்குக் காட்டினார்கள். 7.4 டன் என்றார்கள் போராடியவர்கள். 5.3 டன், அதில் மிச்சப் பாதரசம் 0.15 சதவீதம்தான் என்றது கம்பெனி. விதிமுறை மீறி வெளியே போய்விட்டது என்று ஒப்புக்கொண்டது. அடுத்த நாளே ஆலை நின்றது, பிறகு திறக்கவே இல்லை.

2003ல் பாதரசம் கலந்த கண்ணாடியும் பொருட்களும் சுமார் 290 டன், தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குப் போயின. வந்த வழியே திரும்பியது என்று சொல்லலாம், மூட்டை கட்ட முடிந்தது வரை. மண்ணில் இறங்கியதை மூட்டை கட்ட முடியாது. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், வண்டல், மீன் மூன்றையும் எடுத்துப் பார்த்து, ஆலையால் வந்த பாதரச மாசு என்று 2006ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆலை மண்ணைச் சுத்தம் செய்வதில் இன்னொரு சண்டை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்ற அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. சோலைக்காட்டுக்கு மேலே இருக்கும் நிலத்துக்கு இது மிகத் தாராளம் என்றார்கள் எதிர்த்தவர்கள்.

தொழிலாளர்கள் 2006ல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, கருச்சிதைவு, சக தொழிலாளர்களின் சாவு என்று அவர்கள் பட்டியல் நீளமானது. ஊழியர்களின் உடல்நலத்தில் பாதிப்பு எதுவும் இல்லை என்று மருத்துவ ஆய்வுகளை மேற்கோள் காட்டிக் கம்பெனி கடைசிவரை சொன்னது. 2011ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை தொழிலாளர்கள் பக்கம் பேசியது. வழக்கு இழுத்தது. நடுவில் 2007ல் இந்துஸ்தான் லீவர், இந்துஸ்தான் யூனிலீவர் ஆனது.

இங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. பாண்ட்ஸ் இந்தியாவில் பங்கு வாங்கியவருக்கும், பாண்ட்ஸ் இந்தியாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கும், ஆளுக்கு ஒரு தேதி இருக்கிறது. பங்குதாரரின் தேதி சட்டத்தால் காப்பாற்றப்பட்டு, இணைப்பு, பங்குப் பிரிப்பு, பெயர் மாற்றம் எல்லாம் தாண்டி, இன்று ஒருவருடைய செல்போன் செயலியில் சரியாகத் தெரிகிறது. தொழிலாளி எந்த வருடம் எந்தப் பிரிவில் நின்றார், எத்தனை மணி நேரம் பாதரசப் புகையைச் சுவாசித்தார், எப்போது கை நடுங்க ஆரம்பித்தது? இதற்கு எந்தப் பட்டியலிலும் பத்தி இல்லை. அதை ஒவ்வொருவராக நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பத்து வருடம் பிடித்தது.

*

'யார் பொறுப்பு' என்று கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். போபாலை நினைத்துக்கொண்டு அப்படி நினைக்கிறோம். அங்கே உண்மையிலேயே ஏணிதான் பிரச்சினை. யூனியன் கார்பைடு இந்தியாவில் அமெரிக்கத் தாய்க் கம்பெனிக்கு 50.9 சதவீதம். மீதியில் இந்திய அரசின் நிதி நிறுவனங்களும் இருந்தன. 1984 டிசம்பர் விபத்துக்குப் பிறகு, அது தனிக் கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பதுதான் அமெரிக்கத் தலைமையின் வாதம். 1989ல் 47 கோடி டாலரோடு சமரசம். 1994ல் அந்த 50.9 சதவீதத்தை மெக்லியட் ரஸ்ஸல் வாங்கியது, கம்பெனி எவரெடி ஆனது, பங்கு விற்ற பணத்தில் போபாலில் மருத்துவமனை வந்தது. 2001ல் டவ் கெமிக்கல், அமெரிக்க கார்பைடையே வாங்கியது. நாங்கள் அந்த ஆலையை நடத்தியதே இல்லையே என்றது. 2023 மார்ச்சில் கூடுதல் இழப்பீடு கேட்ட அரசின் மனுவை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கொடைக்கானலில் ஏணி இவ்வளவு வழுக்கவில்லை. இணைப்பை நீதிமன்றம் அனுமதிக்கும்போது சொத்து மட்டும் அல்ல, கடனும் பொறுப்பும் சேர்ந்தே வாங்கிய கம்பெனிக்குப் போகும். ஆகவே பாண்ட்ஸ் இந்தியா செய்ததற்கு இந்துஸ்தான் யூனிலீவர்தான் பதில் சொல்ல வேண்டும், அதை அவர்களும் மறுக்கவில்லை. 'யார்' என்பதற்குப் பதில் இருந்தது. 'என்ன நடந்தது, எவ்வளவு' என்பதில்தான் பதினைந்து வருடம் போயிற்று. ஆவணம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வேகத்தில்தான் அந்தக் கேள்வி நகரும்.

ஆனாலும் ஏணி ஒரு இடத்தில் தொழிலாளர்களுக்கு உதவியது. 2013ல் யூனிலீவர், பங்கு ஒன்றுக்கு 600 ரூபாய் தருகிறேன் என்று சந்தையில் அறிவித்து, தன் பங்கை 52ல் இருந்து சுமார் 67 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. இவ்வளவு பணம் போட்டு இறுக்கிப் பிடித்தபின், இந்தியக் கம்பெனி விவகாரம் என்று லண்டன் ஒதுங்கி நிற்பது கஷ்டம். 2015 ஜூலை 30 அன்று சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோண்ட்' என்ற ராப் பாடலை யூடியூபில் வெளியிட்டார். நிக்கி மினாஜின் மெட்டில், நேராக யூனிலீவரைப் பெயர் சொல்லி அழைத்து. நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி சமரசம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் கருணைத்தொகை என்று பெயர். எவ்வளவு என்று வெளியிடவில்லை.

*

ஏணியில் மேலே ஏறியே பார்த்தோம். கீழேயும் படிகள் உண்டு.

சோஃபியாவின் பாடல் வந்து சரியாக ஒரு வாரம் கழித்து, 2015 ஆகஸ்ட் 6 அன்று, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் முதன்முறையாகப் பங்குச் சந்தையில் பணம் போட்டது. புதிதாக வரும் பணத்தில் ஐந்து சதவீதம், நிஃப்டியையும் சென்செக்ஸையும் பின்பற்றும் இடிஎஃப்களில். இரண்டு குறியீட்டிலும் இந்துஸ்தான் யூனிலீவர் இருந்தது. அதாவது அந்த மாதத்திலிருந்து, பி.எஃப். பிடிக்கப்படுகிற ஒவ்வொரு செக்யூரிட்டியும், பஞ்சாலைத் தொழிலாளியும், ஐடி ஊழியரும் அந்தக் கம்பெனியின் மிகச்சிறிய சொந்தக்காரர். பாடலைக் கேட்டு ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் பகிர்ந்த நாமும்தான். மாதம் ஐந்நூறு ரூபாய் எஸ்ஐபி போடுகிறவர்களுக்கு அதற்கு முன்பிருந்தே அந்தச் சொந்தம் உண்டு.

இதைக் குற்றவுணர்ச்சி கிளப்புவதற்காகச் சொல்லவில்லை. பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பணத்தோடு முடிகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் தீர்மானமான விஷயம். அது இல்லாமல் இவ்வளவு பெரிய கம்பெனிகளே வந்திருக்காது. ஆனால் அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தை மென்பொருளுக்குள் இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். நமக்குச் சேர வேண்டியதைப் பின்தொடரும் கருவி எந்த அளவுக்குத் துல்லியமோ, நம் பெயரால் நடந்ததைப் பின்தொடரும் கருவி அந்த அளவுக்கு மொண்ணை. தொழில்நுட்பம் தடையே இல்லை. இறந்த கம்பெனியின் பங்குத் தேதியைக் காப்பாற்றத் தெரிந்த அட்டவணைக்கு, அந்தக் கம்பெனியின் ஆலை இருந்த இடத்தையும் அங்கே நிலுவையில் உள்ள வழக்கையும் காப்பாற்றத் தெரியாதா? ஒரு பத்தி கூடுதலாகப் போட்டால் போதும். கேட்பதற்கு வாடிக்கையாளர் இல்லை, அவ்வளவுதான். வரித்துறை தேதியைக் கேட்கிறது. அதனால் தேதி பிழைக்கிறது. கொடைக்கானலில் 591 பேர் கேட்டதை எந்தச் செயலியும் தன் வாடிக்கையாளர் கேட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெல்ல மாறுகிறது. பெரிய கம்பெனிகள் ஆயிரம் வரை, தங்கள் சுற்றுச்சூழல், தொழிலாளர் விவகாரங்களைத் தனி அறிக்கையாகத் தர வேண்டும் என்று செபி 2022-23லிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், நிலுவை வழக்குகள் பற்றிய குறிப்புகளும் உண்டு. அடுத்தமுறை உங்கள் ஃபண்டில் எந்தெந்தக் கம்பெனி இருக்கிறது என்று பார்க்கும்போது, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அந்தக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். அதில் ஏதோ ஒரு ஊரின் பெயர் இருக்கும். அந்த ஊரில் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். பங்கு ஒரு நொடியில் கைமாறும். அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள், பாம்பார் சோலைக்கு மேலே அந்த மண் இருப்பதைப் போல.